மீன்சாறு வைக்க வந்த அத்தை

மலையிலிருந்து இறங்கிய காட்டாறு ஒன்று, சமவெளிக்கு வருவதற்கு முன்னால் இரண்டு இடங்களில் ஆழமாகத் தேங்கி நின்றது. மேலே இருந்ததை மேல்மடு என்றும் கீழே இருந்ததைக் கீழ்மடு என்றும் அங்கிருந்த நீர்நாய்கள் சொல்லும். கீழ்மடுவின் கரையில் ஒரு பெரிய நீர்மருத மரம். அதன் வேர்களுக்கு அடியில் இருந்த வளையில் கெண்டையன் என்ற நீர்நாயும் அவன் மனைவி சுழலியும் குடியிருந்தார்கள்.

ஐப்பசி மழை பிடித்த சமயத்தில் சுழலி இரண்டு குட்டிகளை ஈன்றாள். முதலில் பிறந்தது ஆண். கொழுகொழுவென்று இருந்தான். பின்னால் பிறந்தது பெண். அண்ணன் அளவில் பாதிகூட இல்லை. பால் குடிக்கும்போது நடுவில் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடியும் குடிப்பாள். பெரியவன், சின்னவள் என்றுதான் அம்மாவும் அப்பாவும் கூப்பிட்டார்கள். பெயர் இன்னும் வைக்கவில்லை.

பெயர் வைப்பதற்கு முன்னால் அங்கே ஒரு சடங்கு உண்டு. குட்டியின் அத்தை ஒரு மீனை வாயில் போட்டு மென்று, அந்தச் சாற்றைத் தன் நாக்காலேயே குட்டியின் நாக்கில் தொட்டு வைக்க வேண்டும். அப்படி வைத்தால் அத்தையின் குணமும் வேட்டைத் திறமையும் குட்டிக்கு வரும் என்று நம்பினார்கள்.

கெண்டையனுக்கு ஒரே அக்கா. பெயர் ஆராயி. மேல்மடுவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவர்களுடைய அம்மாவை முதலை பிடித்துக்கொண்டு போனபோது கெண்டையனுக்கு நீந்தக்கூடத் தெரியாது. ஆராயிதான் மீனை மென்று ஊட்டினாள். முதுகில் ஏற்றிக்கொண்டு நீச்சல் பழக்கினாள். அதனால் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பழகாதவன் அவன். அக்காவை மட்டுமில்லை, யாரையுமே எதிர்த்துப் பேச மாட்டான். மடுவில் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். எல்லோருக்கும் பிடித்தவனாக இருப்பதுதான் அவனுக்கும் பிடிக்கும்.

ஒருநாள் காலையில், கரையின் மண்சுவரில் கூடு வைத்திருந்த மீன்கொத்தி வந்து வேர்மேல் உட்கார்ந்தது.

"சுழலி, மேல்மடுப் பக்கம் போயிருந்தேன். அங்கே எல்லாரும் இருமுறாங்க" என்றது.

"எல்லாருமா?"

"பெரியவங்க மூக்கை உறிஞ்சிக்கிட்டே மீன் பிடிக்கிறாங்க. அவங்களுக்கு ஒண்ணும் இல்லை. குட்டிங்கதான் பாவம். மழைக்குப் பயந்து எல்லாரும் ஒரே வளைக்குள்ளே அடைஞ்சுகிட்டு, வாசல்லே கோரையைத் திணிச்சு வெச்சிருக்காங்க. வெளியே நின்னாலே உள்ளே இருமுற சத்தம் கேக்குது. பால்குடிக் குட்டி ஒண்ணு போயிருச்சாம்."

சுழலி தன் குட்டிகளைப் பார்த்தாள். இரண்டும் அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தூங்கின. மீன்கொத்தி பறந்து போன பிறகும் அவற்றின் மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

கெண்டையன் வேட்டையிலிருந்து வந்ததும் சொன்னாள். "மழை விடுறவரைக்கும் நம்ம வளைக்குள்ளே யாரும் வர வேண்டாம்."

"யாருமேயா?"

"யாருமே."

"மடுவிலே எல்லாரும் குட்டியைப் பார்க்க வருவாங்களே. என்னன்னு சொல்றது?"

"வெளியே மணல்லே நின்னு பார்க்கட்டும். நான் குட்டியைத் தூக்கிக் காட்டுறேன்."

கெண்டையன் மூக்கைச் சொறிந்தான். அவனுக்கு அது பிடிக்கவில்லை என்றால் மூக்கைச் சொறிவான்.

"போன வருஷம் எங்க மடுவிலேயும் இப்படித்தான் வந்துச்சு" என்றாள் சுழலி. அவள் ஆற்றின் கடைசியில், கழிமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள். "விருந்துக்கு வந்த ஒருத்தர் ரெண்டு தடவை தும்மினார். அவ்வளவுதான். மழைன்னு வாசலை அடைச்சுட்டுப் படுத்திருந்தோம். அடுத்தடுத்து எல்லாருக்கும் வந்துருச்சு. இருமும்போது வாயிலேர்ந்து துளித்துளியாத் தெறிக்குது. பெரிய துளி கீழே விழுந்துரும். கண்ணுக்குத் தெரியாத துளி காத்துலேயே நிக்கும். அடைச்ச இடத்துலே அது எங்கே போகும்? அதைத்தான் எல்லாரும் இழுத்துக்கிட்டோம். வெளியே பாறைமேலே படுத்த ரெண்டு பேருக்கு மட்டும் ஒண்ணும் வரலை. எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. நம்ம சின்னவ அளவுதான் இருப்பா."

அந்தத் தங்கையைப் பற்றி அவள் அதற்கு முன்னால் சொன்னதே இல்லை. கெண்டையன் சரி என்றான்.

அன்றிலிருந்து அந்த வளையில் பல விஷயங்கள் மாறின. வேர்களுக்கு இடையில் மேலே ஒரு இடுக்கு இருந்தது. வழக்கமாக மழைக்காலத்தில் அதைப் புல்லால் அடைத்துவிடுவார்கள். சுழலி அதைத் திறந்தே வைத்தாள். குளிர்காற்று உள்ளே வந்தது. அவள் குட்டிகளைத் தன் உடம்பால் மூடிக்கொண்டாள். கெண்டையன் கூட்டத்தோடு வேட்டைக்குப் போனால் கொஞ்சம் தள்ளியே நின்று மீன் பிடிக்க வேண்டும். திரும்பி வந்ததும் ஆற்று மணலில் கைகளைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் குட்டிகளைத் தொட வேண்டும். சாயங்காலம் மற்ற நீர்நாய்கள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து புரண்டு விளையாடும். அதற்கு அவன் போகக்கூடாது.

மடுவில் இருந்தவர்கள் முதலில் கேலி செய்தார்கள். "கெண்டையன் கையைக் கழுவுறான் பாரு, பெரிய மனுஷன் ஆயிட்டான்" என்றார்கள். அவனும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவைத்தான். ஆனால் கழுவினான். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆராயி வந்த அன்று மழை கொஞ்சம் விட்டிருந்தது. வாயில் ஒரு பெரிய விரால் மீனைக் கவ்விக்கொண்டு, மேல்மடுவிலிருந்து நீந்தி வந்தாள். கீழ்மடுவில் இருந்தவர்களும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். எல்லோருமாகச் சிரிப்பும் கூச்சலுமாக மருத மரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். கரையேறும்போதே ஆராயி இரண்டு முறை இருமினாள்.

சுழலி வளையின் வாசலுக்கு வந்து நின்றாள்.

"வாங்க மதினி. அந்த மணல்லேயே இருங்க. குட்டியைத் தூக்கிக் காட்டுறேன்."

ஆராயி மீனைக் கீழே போட்டாள். "காட்டுறியா? நான் என்ன வேடிக்கை பார்க்கவா வந்தேன்? மீன்சாறு வைக்க வந்திருக்கேன்."

"உங்களுக்கு இருமல் இருக்கு, மதினி. நல்லானதும் வந்து வையுங்க. நீங்க வெச்ச பிறகுதான் பேரு. அதுவரைக்கும் பேரு இல்லாமலே இருக்கட்டும்."

"இது என்ன பெரிய இருமல்? என் பிள்ளைங்க மூணுக்கும் வந்துச்சு. மறுநாளே தண்ணியிலே குதிச்சு ஆடுதுங்க."

"உங்க பிள்ளைங்க வளர்ந்தவங்க. இது பால்குடி. அதுலேயும் சின்னவளுக்கு இப்பவே மூச்சு வாங்குது."

கூட்டத்தில் யாரோ ஒருவர், "அத்தைக்கே இந்தக் கதின்னா நமக்கெல்லாம் என்ன மரியாதை இருக்கப்போகுது" என்று மற்றவர்களுக்குக் கேட்கும்படி முணுமுணுத்தார்.

ஆராயியின் முகம் சுருங்கியது. தம்பியைப் பார்த்தாள். "தம்பி, நான் என்ன நோயா? நீ சொல்லு."

கெண்டையன் மூக்கைச் சொறிந்தான். மனைவியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், பிறகு தண்ணீரைப் பார்த்தான்.

ஆராயி திரும்பிப் போனாள். அவள் கொண்டுவந்த விரால் மணலிலேயே கிடந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். போகும்போது யாரும் சுழலியிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

மேல்மடு வரைக்கும் அந்தப் பேச்சு ஆராயியைத் துரத்தியது. தான் வளர்த்த தம்பி வீட்டில், ஊரே பார்க்கத் தன்னை வாசலில் நிறுத்திவிட்டார்களே என்ற எண்ணம் அவளைத் தின்றது. குட்டிகளின்மேல் அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆசை இருந்தது. ஆனால் அந்த ஆசைக்குள் இந்த அவமானமும் கலந்துவிட்டது. எது எவ்வளவு என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் ஒரு யோசனை செய்தாள். ஆற்றோரச் சேற்றில் வசம்பு முளைத்திருந்தது. அதன் கிழங்கை மென்றால் தொண்டை அடங்கும் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளை வளர்ப்பான் என்றுகூட அதற்கு ஒரு பெயர் உண்டு. இரண்டு நாள் அதை மென்றுகொண்டே இருந்தாள். இருமல் அடங்கியது. மூக்கில் மட்டும் நீர் வடிந்தது. அதை ஆற்றில் முங்கி எழுந்தால் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

"இருமல் போயிருச்சு. அப்புறம் நோய் எங்கே இருக்கு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சத்தம் போனால் நோயும் போய்விட்டது என்று நினைத்தாள்.

பால் கொடுக்கிறவளுக்குப் பசி அதிகம். கெண்டையன் கொண்டுவரும் மீன் சுழலிக்குப் போதாது. அதனால் தினமும் ஒரு பொழுது அவளும் வேட்டைக்குப் போவாள். போவதற்கு முன்னால் சின்னவளை அந்தக் காற்று வருகிற இடுக்குக்குப் பக்கத்தில், பஞ்சுபோல உதிர்ந்த கோரைப்பூ மெத்தைமேல் கிடத்திவிட்டு, "பார்த்துக்குங்க" என்று கணவனிடம் சொல்லிவிட்டுப் போவாள். அவள் வேட்டைக்குப் போகும் நேரத்தை ஆராயி நாணல் மறைவில் இருந்து கவனித்தாள். சுழலியின் தலை தண்ணீரில் மறைந்ததும் வளையின் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"தம்பி."

கெண்டையனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அக்கா, சுழலி இல்லை."

"உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். பாரு, இருமுறேனா? நல்லாத்தானே இருக்கேன்?"

அவள் சற்று நேரம் அப்படியே நின்றாள். இருமல் வரவில்லை.

"நல்லாத்தான் இருக்கே" என்றான் கெண்டையன்.

"அப்போ விடு. ஒரு சொட்டு. வெச்சிட்டுப் போயிடுறேன்."

"அவ வரட்டும் அக்கா. அவகிட்டே ஒரு வார்த்தை..."

"உன்னை முதுகிலே சுமந்தப்போ நான் யார்கிட்டேயாவது ஒரு வார்த்தை கேட்டேனா?"

அதற்குக் கெண்டையனிடம் பதில் இருக்கத்தான் செய்தது. அக்கா, நீ என்னை வளர்த்தாய், இது என் குட்டி, இதைக் காப்பது என் வேலை என்று சொல்லியிருக்கலாம். அவன் வழிவிட்டு ஒதுங்கினான்.

ஆராயி உள்ளே வந்தாள். பெரியவன் விழித்துக்கொண்டிருந்தான். அவனை வாரி எடுத்து மார்போடு அணைத்தாள். அவள் கண்ணில் உண்மையாகவே நீர் தளும்பியது. "என் ராசா, உங்க தாத்தா மூக்கு அப்படியே இருக்குடா" என்று அவன் முகத்தோடு முகம் வைத்து உரசினாள். கொண்டுவந்திருந்த சின்ன ஆரால் மீனை வாயில் போட்டு மென்றாள். அந்தச் சாற்றைத் தன் நாக்கால் அவன் நாக்கில் வைத்தாள். அவன் சப்புக்கொட்டினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் அடக்கிவைத்திருந்த இருமல் பொத்துக்கொண்டு வந்தது. கையை வாயில் வைத்து இருமினாள். அதே கையால் குட்டியின் வாயோரத்தில் ஒழுகியதைத் துடைத்தாள்.

"அக்கா?" என்றான் கெண்டையன்.

"செதில் மாட்டிக்கிச்சு, தொண்டையிலே." பிறகு சின்னவள் இருந்த பக்கம் பார்த்தாள். "அவளுக்கும் வெச்சிடுறேன். இதென்ன, இப்படிக் காத்தடிக்கிற இடத்திலே போட்டிருக்கா? இந்த ஓட்டையை அடைடா முதல்லே."

"வேண்டாம் அக்கா. அடைச்சா அவளுக்குத் தெரிஞ்சுடும். சின்னவ தூங்குறா. எழுப்பினா அழுவா. நீ கிளம்பு."

அந்த அளவுக்கு ஒரு துணிவு அவனுக்கு வந்தது. ஆராயியும் சுழலி வந்துவிடுவாளோ என்று பயந்தாள். "அவகிட்டே சொல்லாதே. வீணாச் சண்டை வரும்" என்று சொல்லிவிட்டு வெளியேறித் தண்ணீரில் இறங்கிப் போனாள்.

அன்றைக்குச் சின்னவளைக் காப்பாற்றியது அந்த இடுக்கு வழியாக வந்த காற்றுதான். யாரும் அவளைத் தொடவில்லை. யாருடைய மூச்சும் அவள்மேல் படவில்லை.

சுழலி வந்ததும் மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தாள். "வசம்பு வாசனை வருதே?"

இந்த ஒரு கேள்விக்கு அவன் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை வேறாக முடிந்திருக்கும். பெரியவனுக்கு இருமல் வந்திருக்கும். அவன் பலசாலி, தேறியிருப்பான். சின்னவளைத் தனியே தூக்கிக்கொண்டு போகச் சுழலிக்கு நேரம் இருந்திருக்கும்.

"நான்தான் பிடுங்கிட்டு வந்தேன். குட்டிங்களுக்கு நல்லதுன்னு சொல்லுவாங்களே" என்றான் கெண்டையன்.

சுழலி அவனைப் பார்த்துச் சிரித்தாள். குட்டிகளைப் பற்றி அவன் தானாகவே ஒன்றை யோசித்துச் செய்தது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பெரியவனையும் சின்னவளையும் ஒன்றாக அணைத்துக்கொண்டு படுத்தாள். குட்டிகள் இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்துத் தூங்கின.

அதற்கடுத்த நாட்களில் கெண்டையன் பெரியவனை அடிக்கடி உற்றுப் பார்த்தான். அவன் நன்றாகப் பால் குடித்தான், நன்றாக விளையாடினான். தங்கையின் முகத்தை நக்கினான். ஒன்றும் ஆகவில்லை, அக்கா சொன்னது சரிதான் என்று கெண்டையன் மூச்சு விட்டான். நோய் உள்ளே போனதும் உடனே வெளியே தெரியாது, தெரிவதற்கு முன்னாலேயே அது அடுத்தவருக்குப் போய்விடும் என்று சுழலிக்குத் தெரியும். அவனும் கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். கேட்க வேண்டுமென்றால் முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பிறகு ஒரு காலையில் பெரியவன் தும்மினான்.

சுழலி விருட்டென்று எழுந்தாள். "இவனுக்கு எப்படி வந்துச்சு?"

"மழைத் தண்ணி மூக்குலே ஏறியிருக்கும்" என்றான் கெண்டையன்.

சுழலி சின்னவளை உடனே தூக்கித் தள்ளி வைத்தாள். ஆனால் அதற்குள் எத்தனையோ முறை இருவரும் ஒரே மூச்சை மாற்றி மாற்றி இழுத்துவிட்டார்கள். மறுநாள் சின்னவளுக்கும் மூக்கு ஒழுகியது. அதற்கடுத்து அவள் பாலை வாயில் வைத்தாள், இரண்டு இழுப்பு இழுத்தாள், விட்டுவிட்டாள். மூச்சு இழுக்கும்போது அவள் விலாவுக்கு அடியில் பள்ளம் விழுந்தது. மூக்குத்துவாரம் இரண்டும் விரிந்து விரிந்து மூடின. அழுவதற்குக்கூட அவளிடம் மூச்சு இல்லை.

சுழலி அவளை எடுத்துக்கொண்டு கரைமேல் போனாள். அங்கே ஒரு பாறை, குடைபோல முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அதனடியில் மழை விழாது. காற்று மட்டும் வரும். குட்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். படுக்க வைத்தால் மூச்சு இன்னும் முட்டியது. தன் பாலை எடுத்துச் சொட்டுச் சொட்டாக அவள் உதட்டில் வைத்தாள். அது வழிந்து கீழே போனது.

கெண்டையன் பின்னாலேயே வந்து சற்றுத் தள்ளி நின்றான். வெகுநேரம் நின்றான்.

"அக்கா வந்தா" என்றான் கடைசியில்.

சுழலி திரும்பவில்லை.

"நீ வேட்டைக்குப் போனப்போ வந்தா. பெரியவனுக்கு மட்டும்தான் வெச்சா. சின்னவளைத் தொடவே இல்லை. நான் தொட விடலை."

"வசம்பு வாசனை வந்த அன்னிக்கா?"

"ஆமா."

சுழலி குட்டியின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள். "இவளைத் தூக்கிட்டு இங்கே வந்து உக்காந்திருப்பேனே. நான்தானே ரெண்டு பேரையும் ஒண்ணாப் படுக்க வெச்சேன். இத்தனை நாளும் நான்தானே வெச்சேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உச்சிவேளையில் மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. ஆறு முழுக்கப் பளபளத்தது. அந்த நேரத்தில் சின்னவளின் மூச்சு நின்றது. பெயர் வைக்காமலே அவள் போய்விட்டாள்.

செய்தி பரவியதும் துக்கம் கேட்க எல்லோரும் வந்தார்கள். கீழ்மடுவிலிருந்தும் வந்தார்கள், மேல்மடுவிலிருந்தும் வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஆராயி வந்தாள். மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை.

அழுது முடித்ததும் அவள் சொன்னாள்: "பச்சைக் குட்டியைக் குளிர்காத்திலே பாறைமேலே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாளாமே. அது தாங்குமா?"

கூட்டம் தலையை ஆட்டியது. "ஓட்டையைத் திறந்து போட்டிருந்தாளாம்" என்றார் ஒருவர். "யாரையும் அண்ட விடலை. ஆசீர்வாதம் இல்லாத குட்டி எப்படித் தங்கும்?" என்றார் இன்னொருவர். பேசப் பேச அது உறுதியாகிக்கொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் குளிரில் வைத்துக் குட்டியைக் கொன்றவள் சுழலி என்று ஆகிவிட்டது. சுழலி வளைக்குள்ளே பெரியவனை அணைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது கெண்டையன் வாசலில் வந்து குறுக்கே நின்றான்.

"குளிரினாலே சாகலை" என்றான். "இருமல்லே செத்துச்சு. அந்த இருமல் அக்காகிட்டேயிருந்து பெரியவனுக்கு வந்துச்சு. பெரியவன்கிட்டேயிருந்து சின்னவளுக்குப் போச்சு. அக்காவை உள்ளே விட்டது நான். சொல்லாம மறைச்சதும் நான். சுழலிமேலே ஒரு குத்தமும் இல்லை."

அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்பவர்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொன்னான்.

ஆராயி எழுந்து நின்றாள். "நான் தொட்டது பெரியவனைத்தானே? அவன் உயிரோடதானே இருக்கான்? நான் தொடாதது செத்ததுக்கு நான் என்ன பண்ணுவேன்? நான் கொன்னேன்னு சொல்றியா?"

"நாம ரெண்டு பேரும்தான் அக்கா."

ஆராயி அவனையே பார்த்தாள். ஒரு கணம் அவளுக்கும் புரிந்ததுபோல இருந்தது. ஆனால் அதைப் புரிந்துகொண்டால் அதற்கப்புறம் எப்படி உயிர் வாழ்வது? அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வளர்த்ததுக்கு நல்ல கூலி குடுத்துட்டேடா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்தாள்.

கூட்டம் அவள் பின்னால் போனது. வளர்த்த அக்காவை ஊர் நடுவில் இப்படிச் சொல்லலாமா என்று எல்லோரும் அவளைத் தேற்றினார்கள். அதற்குள் மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. கீழ்மடுவில் இருந்த பெரிய வளைக்குள் எல்லோரும் நுழைந்தார்கள். மேல்மடுக்காரர்களும் கீழ்மடுக்காரர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சாரல் அடிக்கிறது என்று வாசலில் கோரையைத் திணித்தார்கள். உள்ளே ஆராயி விம்மினாள். யாரோ தும்மினார்கள். யாரோ இருமினார்கள். பொழுது சாயும்வரை பேசிக்கொண்டே இருந்தார்கள்.

கார்த்திகை பிறப்பதற்குள் கீழ்மடு முழுக்க இருமல். வயதான ஒருவர் போனார். வேறொரு வளையில் இரண்டு குட்டிகள் போயின. இந்த வருஷம் மழை பொல்லாதது என்று சொன்னார்கள். மீன் சரியில்லை என்று சொன்னார்கள். மருத மரத்தடியில் இருக்கிறவள் விட்ட சாபம் என்றுகூடச் சொன்னார்கள். கோரையை எடுத்துவிட்டு வாசலைத் திறந்துவைப்போம், இருமுகிறவர்கள் சில நாள் தள்ளிப் படுப்போம் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

பெரியவன் பிழைத்தான். மழை நின்ற பிறகு அவனுக்கு அம்மாவே பெயர் வைத்தாள். ஆராயி அதன்பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை. கெண்டையனிடம் மடுவில் யாரும் முன்போல் பேசுவதில்லை. திமிர் பிடித்தவன் என்று பெயர் வந்துவிட்டது. இப்போது யாராவது மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தால் அவன் வாசலிலேயே நிறுத்திவிடுகிறான். கூச்சப்படுவதில்லை.

சுழலி அவனை விட்டுப் போகவில்லை. அவனைத் திட்டவும் இல்லை. பசித்தால் மீன் கொடுத்தாள், கேட்டால் பதில் சொன்னாள். ஆனால் வேட்டைக்குப் போகும்போது, ஆறு எவ்வளவு வேகமாக ஓடினாலும், மகனைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டுதான் போனாள். ஒருநாளும் கெண்டையனிடம் விட்டுவிட்டுப் போகவில்லை.

எவ்வளவு அன்போடு வந்தாலும் நோயோடு வருகிறவர் நோயைத்தான் தந்துவிட்டுப் போவார். அவரை வாசலில் நிறுத்தக் கூசுகிறவனும், நடந்ததைச் சொல்லாமல் மறைக்கிறவனும், தன் வீட்டிலேயே மிகவும் சின்ன உயிரை அதற்குப் பலி கொடுக்கிறார்கள்.